தோலடிச் சிரையில் உறையும் குருதி



ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் மருத்துவத்தைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். ஆயினும், இந்தச் செய்தியை அறியாமல் இருந்ததனால் உண்டான இழப்பு ஒன்றை நேரில் கண்டவன். அதனைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதியே இன்று உங்களோடு பேசுகின்றேன்.

1992-ஆம் ஆண்டில் என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதைக் கடந்தவர், நல்ல கட்டுடல். ஒரு நாள் அவருடைய இடத்தொடையின் உட்புறத்தே ஒரு சாண் நீளத்திற்குச் சிவந்த கோடு ஒன்று தோன்றியது. தொட்டால் கயிறு போல் கெட்டியாக இருந்தது, வலித்தது. "மிதிவண்டிக் கம்பி இடித்திருக்கும், வெறும் இரத்தக்கட்டு" என்று அவரே முடிவு செய்துகொண்டார். நாங்களும், "ஆம், ஆம்" என்றோம். பற்றுப் போட்டார். பின்னர், சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் சென்று எண்ணெய் தடவி உருவச் செய்தார். ஒன்பதாம் நாள் காலையில் மாடிப்படி ஏறும்பொழுது மூச்சுத் திணறி உட்கார்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். காலில் உறைந்த குருதிக் கட்டி நுரையீரலுக்குச் சென்று வழியை அடைத்துவிட்டது என்று மருத்துவர் கூறினார். காலில் இருந்த கோட்டிற்கும் நெஞ்சில் நேர்ந்த முடிவிற்கும் என்ன தொடர்பு என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தத் தொடர்பைத்தான் இன்று நாம் காணப்போகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். கையிலும் காலிலும் நீலநிறமாகப் புடைத்துத் தோன்றுவனவற்றை நாம் 'நரம்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுசெல்லும் இழை. அதில் குருதி ஓடுவதில்லை. நாம் காணும் நீலக் கோடுகள் சிரைகள். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வன தமனிகள். அதனைத் திரும்ப இதயத்திற்குக் கொண்டுவருவன சிரைகள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கையைச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையிலும் முன்கையிலும் சிரைகள் புடைத்தெழும். அவற்றுள் ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மற்றொரு விரலால் அவ்விடத்திலிருந்து முழங்கைப் பக்கமாகக் குருதியை வழித்துவிட்டு, இரண்டாவது விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். மேலே ஒரு சிறு முடிச்சுப் போன்ற இடம் வரையில் சிரை வெறுமையாகவே கிடக்கும். மேலே சென்ற குருதி கீழே இறங்காது. முதல் விரலையும் எடுத்தால், கீழிருந்து குருதி பாய்ந்து நிரப்பும். அம்முடிச்சுப் போன்ற இடத்தில் ஒரு கதவு இருக்கின்றது. அது இதயத்தின் பக்கமாக மட்டுமே திறக்கும். அக்கதவுகளைப் பற்றி இத்தாலியில் பதுவா நகரத்துப் பேராசிரியர் பாப்ரீசியஸ் 1603-இல் நூல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஆர்வி, 1628-இல் வெளிவந்த தம் நூலில், ஏறக்குறைய நீங்கள் இப்பொழுது செய்த சோதனையையே படமாக வரைந்து, குருதி உடலைச் சுற்றி வருகின்றது என்பதை நிலைநாட்டினார்.

இனிக் காலுக்கு வருவோம். காலில் குருதி மேலேறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் செல்லும் சிரைகள் பெருவழி; பெரும்பகுதிக் குருதி அவ்வழியேதான் ஏறுகின்றது. தோலுக்குச் சற்றே அடியில் செல்லும் சிரைகள் சிறுவழி. இவற்றுள் பெரியது, உட்கணுக்காலின் முன்னே தொடங்கி, காலின் உட்புறமாகவே ஏறி, தொடையிடுக்கில் ஆழ்ந்த பெருஞ்சிரையோடு கலக்கின்றது. மனித உடலிலேயே மிக நீண்ட சிரை அதுவே. மற்றொன்று கெண்டைக்காலின் பின்புறமாக ஏறி, முழங்காலின் பின்னே ஆழ்ந்த சிரையோடு கலப்பது. இடையிடையே இரு வழிகளையும் இணைக்கும் சிறு சந்துகளும் உண்டு. தெருவும் பெருஞ்சாலையும் கூடும் சந்திப்புகளைப் போன்றவை இவை. தெருவில் கிடக்கும் கல் அங்கேயே கிடந்தால் தெருவிற்கு மட்டுமே இடையூறு. உருண்டு சாலைக்குச் சென்றுவிட்டால் நிலைமை வேறு. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; எஞ்சிய யாவும் எளிதில் விளங்கும்.

காலிலிருந்து குருதியை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. நடக்கும்பொழுது அது சிரைகளைப் பிழிந்து, குருதியை மேலே அனுப்புகின்றது. நடையின்றி நெடுநேரம் நின்றுகொண்டே இருப்பவர்களுக்கு அப்பிழிதல் குறைகின்றது. நெசவாளர், முடிதிருத்துவோர், காவலர், சமையற்காரர், கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர் ஆகியோரை இங்கு நினைத்துக்கொள்ளலாம். குருதி தேங்கித் தேங்கி, சிரை விரிந்து, கதவுகள் பொருந்தாமற்போனால், தோலடிச் சிரைகள் புடைத்து நெளிந்து காணும். இதனையே சுருள்சிரை என்கின்றோம். பரம்பரையும் இதற்கு ஒரு காரணம்.

ஓடும் குருதி ஏன் உறைகின்றது? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்கோ. 1821-இல் பிறந்து 1902-இல் மறைந்தவர். நுரையீரலில் காணப்படும் உறைகட்டிகள் பல அங்கே பிறந்தவையல்ல. வேறிடத்துச் சிரையில் தோன்றிப் பெயர்ந்து வந்தவை என்று காட்டியவர் அவர். குருதி உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று இன்றும் அவர் பெயரால் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். ஓட்டம் தளர்தல் ஒன்று. குழாயின் சுவர் புண்படுதல் இரண்டு. குருதியின் தன்மையே எளிதில் உறையும்படி மாறுதல் மூன்று. சுருள்சிரையிலும் படுக்கையில் கிடப்பதிலும் ஓட்டம் தளர்கின்றது. அடிபடுவதாலும், கையில் ஊசி செருகி மருந்துநீர் ஏற்றுவதாலும் சுவர் புண்படுகின்றது. அறுவை மருத்துவம், புற்றுநோய், பரம்பரைக் குறை ஆகியவை குருதியின் தன்மையை மாற்றக்கூடியவை.

தோலடிச் சிரையில் உறைவு ஏற்பட்டால் தோன்றும் குறிகள் எளியவை. சிரையின் வழியே சிவப்புக் கோடு, சூடு, தொட்டால் வலி, விரலுக்குத் தட்டுப்படும் கயிறு போன்ற கெட்டி. இக்குறிகள் பெரும்பாலும் காலில், அதிலும் சுருள்சிரை உள்ள காலில் தோன்றுகின்றன. இது பொதுவாகக் கிருமியால் வருவதன்று. ஆதலால் கிருமிகளை அழிக்கும் மருந்தால் இது தீராது. ஆனால், இதைப் போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. தோலிலும் அதன் அடியிலும் கிருமி புகுந்தால் சிவப்பு கோடாக நில்லாமல் படர்ந்து பரவும், காய்ச்சலும் வரலாம். ஆழ்ந்த சிரையில் உறைவு ஏற்பட்டால் கோடு தெரியாமலேயே கெண்டைக்காலோ முழுக்காலோ வீங்கிக் கனக்கும். இடித்ததால் வரும் இரத்தக்கட்டு இடித்த இடத்தில் நீலமாகக் கன்றி, பின்னர்ப் பச்சையும் மஞ்சளுமாக மாறிச் சில நாளில் மறையும். இவற்றைக் கண்ணால் மட்டுமே பிரித்தறிவது மருத்துவர்க்கும் எப்பொழுதும் இயல்வதன்று.

அப்படியானால் எவ்வாறு அறிவது? இங்கேதான் இன்றைய அறிவியல் உதவுகின்றது. காதுக்குக் கேளாத நுண்ணொலியைத் தோலின்மேல் ஒரு சிறு கருவியால் செலுத்தி, அதன் எதிரொலியைத் திரையில் படமாக்குகின்றனர். 'ஸ்கேன்' என்று நாம் சொல்வது இதுவே. மருத்துவர் அக்கருவியால் சிரையின்மேல் மெல்ல அழுத்துவார். நல்ல சிரை, நீர் நிறைந்த மெல்லிய குழாய் போல நசுங்கி மறையும். உறைவு உள்ள சிரை நசுங்காது. இந்தச் சிறு சோதனையில் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கின்றது. உறைவு எவ்வளவு நீளம்? ஆழ்ந்த சிரையோடு கலக்கும் சந்திப்பிலிருந்து எவ்வளவு தொலைவு? ஆழ்ந்த சிரையிலும் உறைவு உண்டா?

மூன்றாம் கேள்வி ஏன் முதன்மையானது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றேன். பிரான்சு நாட்டில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காலின் தோலடிச் சிரையில் 5 செண்டிமீட்டருக்குக் குறையாத உறைவோடு வந்த 844 பேரைச் சோதித்தார்கள். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, வந்த அன்றே ஆழ்ந்த சிரையிலோ நுரையீரலிலோ உறைவு இருந்தது! மேலே தெரிந்தது கோடு. உள்ளே இருந்தது வேறு. அடுத்த மூன்று திங்களில் யாருக்குத் தொல்லை மிகுதியாக வந்தது என்றும் பார்த்தார்கள். ஆண்கள், முன்பே உறைவு வந்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், சுருள்சிரை இல்லாமலே உறைவு வந்தவர்கள் ஆகிய நால்வகையினரும் அப்பட்டியலில் இருந்தனர். ஆண்களைக் குறித்து நான் தனியே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. வேட்டிக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் நோயை மறைத்துவைத்துக்கொண்டு, "இதற்கெல்லாம் மருத்துவரா?" என்று கேட்கும் வழக்கம் ஆண்களிடம் மிகுதி.

ஆண்கள் அறியவேண்டிய செய்திகள் இன்னும் மூன்று உள்ளன. நியூயார்க்கு நகரத்து மருத்துவர் லியோ பர்கர் 1908-இல் ஒரு நோயை விரிவாக எழுதினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. புகையிலைப் பழக்கமுள்ள இளைஞர்களுக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதிற்குள், கை கால்களின் சிறு தமனிகளும் சிரைகளும் அழன்று அடைபடுகின்றன. தோலடிச் சிரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடம் மாறி மாறித் தோன்றும் சிவந்த கட்டிகள் அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். பின்னர் விரல் கறுத்து அழுகி, அதனை வெட்டி நீக்கும் நிலையும் வரும். நம் நாட்டில் பீடி புகைப்போரிடம் இந்நோயை மருத்துவர்கள் காண்கின்றனர். இதன் போக்கை நிறுத்தும் உறுதியான வழி ஒன்றே: புகையிலையை அடியோடு விடுதல். குறைத்துக்கொள்வது போதாது.

இரண்டாவது, பாரிசு நகரத்து மருத்துவப் பேராசிரியர் அர்மான் துரூசோவைப் பற்றியது. காரணமின்றி மீண்டும் மீண்டும் சிரைகளில் உறைவு தோன்றுவது, உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயின் குறியாகலாம் என்று 1865-இல் அவர் கற்பித்தார். ஈராண்டு கழித்து, 1867-இல், அதே குறி அவர் உடம்பிலேயே தோன்றியது. தம் மாணவரிடம் தம் முடிவு நெருங்கிவிட்டதை அவரே கூறினார். அவ்வாண்டிலேயே புற்றுநோயால் காலமானார். சிரையில் உறைவு கண்ட எல்லாருக்கும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டா. சுருள்சிரையும் அடியும் இல்லாத ஒருவருக்கு உறைவு மீண்டும் மீண்டும் வருமானால், மருத்துவர் காரணத்தை மேலும் தேடுவது முறை என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, ஆண்களின் மறைவிடத்துத் தோலடிச் சிரையிலும் இவ்வுறைவு சிலபோது தோன்றுவதுண்டு. கயிறு போன்ற கெட்டியைக் கண்டு, தகாத நோய் வந்துவிட்டதோ என்று இளைஞர்கள் நாணி ஒளிக்கின்றனர். இது பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடுவது. ஒளிப்பதால் வளர்வது அச்சமே. மருத்துவரிடம் நாணம் வேண்டா.

இனி மருத்துவம். தெருவிற்கும் சாலைக்கும் கூறிய உவமை இங்கே பயன்படும். உறைவு சிறியது, சந்திப்பிற்குத் தொலைவில் உள்ளது, ஆழத்தில் ஒன்றுமில்லை என்று ஸ்கேன் காட்டினால் மருத்துவம் எளிது. வலியும் அழற்சியும் தணிக்கும் மாத்திரை, இதமான ஒத்தடம், உட்காரும்பொழுது காலைச் சற்று உயர்த்தி வைத்தல், மருத்துவர் தகும் என்றால் இறுக்கமான காலுறை. தமனி அடைப்பு உள்ளவர்க்கு அக்காலுறை தீங்கு செய்யுமாதலால், அதனைத் தாமே வாங்கி அணிவது கூடாது. படுத்தே கிடக்க வேண்டுவதில்லை, நடப்பது நல்லது. சில நாளுக்குப் பின் மறுபடியும் காலைப் பார்த்து, உறைவு நீளவில்லை என்று உறுதி செய்துகொள்வர். வலி சில வாரங்களில் தணியும். கெட்டியும் தோலின் பழுப்பு நிறமும் சில திங்கள் வரை நிற்கலாம்.

உறைவு 5 செண்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீண்டிருந்தால், குருதி மேலும் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பெரும்பாலும் 45 நாள் கொடுக்கின்றனர். தொடையிடுக்குச் சந்திப்பிலிருந்து 3 செண்டிமீட்டருக்குள் உறைவு வந்துவிட்டால், அதை ஆழ்ந்த சிரையின் உறைவாகவே கருதி, முழு அளவில் ஏறத்தாழ மூன்று திங்கள் மருந்து தருகின்றனர். கல் சாலையின் ஓரத்திற்கு வந்துவிட்டதன்றோ!

இம்மருந்தின் பிறப்பில் மாணவர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி உண்டு. 1916-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில், ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ அதற்கு நேர்மாறான பொருள். ஈரலிலிருந்து எடுத்த அது குருதியை உறையவிடாமல் தடுத்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த விடையை அவர் பிழையென்று தள்ளிவிடவில்லை. அந்த வழியில் வளர்ந்ததே எபரின் என்னும் மருந்து. அதன் செயல் எந்தச் சிறு பகுதியில் இருக்கின்றதோ அதனை மட்டும் ஆய்வுக்கூடத்தில் அமைத்துச் செய்ததே பாண்டபரினக்சு. 2010-இல் வெளியான ஆய்வில், கால்களில் தோலடி உறைவு கொண்ட 3,002 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு இதனை நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 45 நாள் ஊசியாகக் கொடுத்தனர். மற்றதற்கு மருந்தற்ற ஊசி. உறைவு பரவுதல், திரும்ப வருதல், ஆழ்ந்த சிரைக்கோ நுரையீரலுக்கோ செல்லுதல், உயிரிழப்பு ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால், மருந்தற்ற பிரிவில் நூற்றுக்கு 5.9, மருந்து பெற்ற பிரிவில் 0.9. வேறுபாட்டை நீங்களே கழித்துப் பாருங்கள். குருதி உறையாமல் தடுக்கும் மருந்து, வயிற்றுப்புண் போன்ற குறையுள்ளவர்க்குக் குருதிப்போக்கை உண்டாக்கக்கூடியது. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவு பார்க்கவேண்டும். ஆகையால் மருத்துவர் சொல்லின்றி ஒரு மாத்திரையும் வேண்டா. அழற்சி அடங்கிய பின், சுருள்சிரையை வெப்பத்தாலோ அறுவையாலோ அடைத்துவிடும் முறைகளும் உண்டு.

செய்யத் தகாதன எவை? உருவுதல் கூடாது, எண்ணெய் தடவிப் பிசைதல் கூடாது. உறைந்தது பெயர்ந்து செல்ல நாமே வழி செய்தவராவோம். இரத்தக்கட்டு என்று நாமே பெயரிட்டுக் காத்திருத்தலும் கூடாது. மூச்சுத் திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் குருதி, மயக்கம், முழுக்கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அப்பொழுதே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

2019-இல், நான் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில், என் வலக்காலிலும் அத்தகைய சிவந்த கோடு ஒன்று தோன்றியது. நெடுங்காலம் கரும்பலகை முன் நின்றதில் வளர்ந்த சுருள்சிரை முன்பே இருந்தது. வீட்டில், "எண்ணெய் காய்ச்சட்டுமா?" என்று கேட்டார்கள். பழைய நண்பரின் முகம் நினைவிற்கு வந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் சென்றேன். கருவியை வைத்து அழுத்தியவர், "ஐயா, ஏழு செண்டிமீட்டர், ஆழத்தில் ஒன்றும் இல்லை" என்றார். 45 நாள் மருந்து, நாள்தோறும் நடை, அவ்வளவே. என் நண்பருக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு உடல் வலிமையில் இல்லை. அவர் என்னிலும் வலியவர். நான் போய்க் கேட்டேன், அவர் கேட்கவில்லை. அவரைக் கேட்கும்படி சொல்ல அன்று எங்களுக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு இப்பொழுது தெரியும். இன்று வீட்டிற்குச் சென்றதும், நாள் முழுதும் நின்று உழைக்கும் உங்கள் தந்தையார், சிற்றப்பா, தாத்தா ஆகியோரின் கால்களை ஒரு முறை பாருங்கள். அங்கே ஒரு சிவந்த கோட்டைக் கண்டால், "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொன்னாலும் விடாதீர்கள். கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.